எங்கை? எத்தினை? என்ன செய்வம்?

அன்றைக்கு நின்றவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒழுங்கையில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அதெல்லாம் பொய்.

எங்கள் வீட்டு ஹோலில், நிலத்தில், ஆளுக்கொரு போனோடு கம்பஸ் பிள்ளைகள் ஐந்து பேர். குசினியில் நான், கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு. முற்றத்து ஜாம் மரத்தடியில் என் மனுசன், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு. மதிலுக்கு அங்கால், தன் வீட்டுக் கிணற்றடியில், ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்ரர், தலை நிறையச் சவர்க்கார நுரையோடு. அவ்வளவுதான். பொலிஸ்காரர் இருவர் வந்தது பிறகு. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வந்தது அதற்கும் பிறகு. ஆனால் இன்றைக்குக் கேட்டாலும் அவர்தான் எல்லாவற்றையும் முதலில் கண்டவர் மாதிரிக் கதைப்பார்.

அந்த ஐந்து பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவள் கோபிக்க மாட்டாள், சிரிப்பாள். ஆனால் எனக்குப் பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். காற்று அடித்தால் தென்னை விழுமோ என்று பயம், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பயம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது சண்டையால் இடம்பெயர்ந்து போனோம்; திரும்பி வந்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் மேலே போய்விட்டார்கள், எனக்கு அவர்களுக்குப் பின்னால் போய் இருக்க வெட்கம். அப்படியே பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதனால் கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கலாம் என்று மனுசன் சொன்னபோதும் பயந்தேன். படித்த பிள்ளைகளோடு என்னத்தைக் கதைப்பது?

எங்கள் வீடு மருதனார்மடம் சந்திக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், ஒடுக்கமான தெருவில். கம்பஸ், அதுதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், இங்கே திருநெல்வேலியில். பஸ்ஸில் போய் வர வேண்டும், ஆனால் வாடகை குறைவு. அவள் இரண்டாம் வருடம் வந்து சேர்ந்தாள். சொந்த ஊர் பருத்தித்துறைப் பக்கத்துக் கரையோரம். தகப்பனுக்கு ஒரு வள்ளம், கடல்தொழில். தாய் வந்து அறையைப் பார்த்து, கட்டிலைத் தட்டிப் பார்த்து, என்னிடம் நிபந்தனைகள் சொன்னாள். இருட்டினால் வெளியில் விடக் கூடாது. பெடியளோடு கேற்றடியில் நின்று கதைக்க விடக் கூடாது. வெள்ளிக்கிழமை மீன் இறைச்சி என்று மச்சம் ஒன்றும் கொடுக்கக் கூடாது. துவக்கால் சுட விடக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அது ஒருவருக்கும் தோன்றாதுதானே.

வந்த முதற்கிழமையே அவள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காலை நான் குசினிக்குள்ளிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தேன். "ஐயோ, காஸ் மணக்குது! வெடிக்கப் போகுது! எல்லாரும் வெளியிலை ஓடுங்கோ!" மனுசன் செருப்பைத் தேடினார். அவள் தலையில் துவாய் சுற்றியபடி அறையிலிருந்து வந்தாள். ஓடவில்லை.

"அன்ரி, எங்கை மணக்குது?"

"குசினிக்குள்ளை!"

"குசினியிலை எங்கை?"

அதை நான் யோசிக்கவில்லை. "மூலையிலை... கீழை."

"எத்தினை சிலிண்டர் இருக்கு?"

"ஒண்டு. அது மற்றப் பக்கம்."

"அப்ப என்ன செய்வம்? முதல் யன்னலைத் திறப்பம். பேந்து மூலையைப் பாப்பம்."

மூலையில் கடகத்துக்குள் ஒரு கைப்பிடி வெண்காயம் அழுகிக் கிடந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக் கிடங்கில் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரித் தலை துடைக்கப் போய்விட்டாள். 'விசர் அன்ரி' என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் புதினம். என் மனுசன் நல்லவர், ஆனால் அந்த வெண்காயத்தைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்.

எங்கை, எத்தினை, என்ன செய்வம். எல்லாவற்றுக்கும் இந்த மூன்றுதான் அவளிடம். எங்கே பழகினாய் என்று கேட்டேன். "அப்பா கடலுக்குள்ளை இருந்து போன் எடுத்தால் லைன் அறுந்து அறுந்துதான் வரும், அன்ரி. ஐயோ எண்டு தொடங்கினால் ஐயோவோடையே லைன் போயிடும். பேந்து கரையிலை இருக்கிறவைக்கு என்ன தெரியும்? ஆரோ கத்தினது மட்டும்தான் தெரியும்." சின்ன வயதில் தாய் பதறிப் போனைக் கீழே போட்டுவிடுவாளாம். அதனால் வருகிற போனில் கதைப்பது இவள் வேலை. எங்கை நிக்கிறியள், எத்தினை பேர், என்ன செய்யிறது.

போனில் இந்தச் சுடுகிற கேம் விளையாடத் தொடங்கியது கொரோனாக் காலத்தில், வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது. கம்பஸ் திறந்தபிறகு பார்த்தால் இவளைப் போல இன்னும் சில பெட்டைகள் இருந்திருக்கிறார்கள், ஒருத்திக்கும் மற்றவளைத் தெரியாமல். பெடியள் கூட்டத்தோடு சேர்ந்து விளையாடக் கேட்டார்களாம். அதில் ஒரு பெடியன், "தங்கச்சியவை, சமைக்கிற கேம் ஒண்டு இருக்கு, வடிவான கேம்" என்றானாம். இவள், "ஓம் அண்ணை, நாங்கள் சமைக்கிறம். எப்ப சாப்பிட வாறியள்?" என்று கேட்டு ஒரு நாளும் குறித்துவிட்டாள். அந்த நாள் கேமில் பெடியள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி இன்றைக்கும் அவர்கள் கதைப்பதில்லை என்று கேள்வி.

அதன்பிறகு நாடு முழுவதிலுமுள்ள கம்பஸ் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு போட்டி வந்தது. ஐந்து பேருக்கு எதிர் ஐந்து பேர், மூன்று ஆட்டம், இரண்டை வெல்பவர் மேலே போவார். எங்கள் வீட்டில் பைபர் இன்ரநெற் லைன் இருந்தது. கனடாவில் இருக்கும் தம்பி முகம் தெரியக் கதைக்க வேண்டும் என்று பிடிவாதமாக எடுத்துத் தந்தது. அந்த லைனுக்காக ஐந்து பேரும் சனி ஞாயிறுகளில் எங்கள் ஹோலில் கூடத் தொடங்கினார்கள். இரண்டு பேர் வாடகைப் பிள்ளைகள், மூன்று பேர் வந்து போகிறவர்கள். நான் தேத்தண்ணியும் வாய்ப்பனும் கொடுத்துவிட்டுக் கதவடியில் நின்று பயப்படுவேன். கண் கெட்டுப்போகாதோ? போன் சூடேறி வெடிக்காதோ? படிப்பு என்ன ஆகும்?

அந்த ஐவரில் ஒருத்தி சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வருவாள். தோட்டக்காரக் குடும்பம். வாய் திறக்காத பிள்ளை. குறி பார்த்தால் தவறாது, ஆனால் எதிரியைக் கண்டால் எங்கே கண்டேன் என்று சொல்ல வராது. கேமில் இடங்களுக்கெல்லாம் இங்கிலீசில் பெயர். அவள் அதை நினைவுபடுத்தி, வாய்க்குள் கூட்டி, சொல்ல வெளிக்கிட முன்னரே மற்ற நால்வரும் செத்துப் போவார்கள். ஒரு நாள் ஒருத்தி பொறுமை இழந்து, "உனக்கு வாயிலை என்ன, கொழுக்கட்டையே?" என்று ஏசிவிட்டாள். சண்டிலிப்பாய்ப் பிள்ளை போனை வைத்துவிட்டுப் போக வெளிக்கிட்டு, சைக்கிள் பூட்டுத் திறப்பைக் கையில் எடுத்தாள்.

இவள் எழும்பிப் போய்க் கதவை மறிக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "இஞ்சை, இந்தத் தண்ணித் தொட்டி நிக்கிற இடம் உங்கடை ஊரிலை இருந்தால் நீ என்னெண்டு சொல்லுவாய்?" என்று கேட்டாள்.

அவள் திறப்பை உருட்டிக்கொண்டு நின்றாள். "கிணத்தடி."

"உந்தப் பெரிய ஸ்ரோர்?"

"சங்கக்கடை."

"மூலையிலை நிக்கிற சின்னக் கட்டிடம்?"

"அது... வைரவர் கோயில் மாதிரிக் கிடக்கு."

"அந்தப் புகை போற கொட்டில்?"

"புகையிலைக் குடில்!" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

அந்தப் பின்னேரம் முழுக்க விளையாடவில்லை. அந்நிய தேசத்து நகரம் ஒன்றுக்கு மூலை முடுக்கெல்லாம் சண்டிலிப்பாய்ப் பெயர் வைத்தார்கள். அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் வாய் நிற்கவே இல்லை. "புகையிலைக் குடிலுக்குப் பின்னாலை ஒண்டு! வைரவரடியிலை ரெண்டு!" தன் ஊரில் தனக்குத் தெரியாத மூலை ஏது? பிறகு வகுப்பில் எழுந்து நின்று ஏதோ விளக்கிக் கதைக்கிற பரீட்சையிலும் அவள்தான் நன்றாகச் செய்தாளாம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டோ என்று எனக்குத் தெரியாது. அவளுடைய தாய் உண்டு என்று சொன்னாள்.

அன்றைக்கே இவள் இரண்டு சட்டம் போட்டாள். ஒன்று, தோற்றால் ஒருத்தரும் ஒருத்தரையும் ஏசக் கூடாது. இரண்டு, கேமில் செத்தவை கதைக்கக் கூடாது. "நிக்கிறவளுக்கு ஆயிரம் அலுவல். செத்தவளின்ரை புலம்பலையும் அவள் ஏன் சுமக்கிறது?"

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. விரல் வியர்த்தால் திரையில் வழுக்கும் என்று எல்லோரும் விரலுக்குப் பவுடர் போடுவார்கள். ஒரு நாள் பவுடர்ப் பேணி முடிந்துபோயிற்று. சாமியறைக்குள் போனவள் திருநீற்றுக் குடுவையில் இரண்டு பெருவிரலையும் தோய்த்துக்கொண்டு வந்தாள்.

"பிள்ளை! அது திருநீறு! இதுக்கே பாவிக்கிறது?"

"நெத்தியிலையும் பூசினனான் அன்ரி," என்று காட்டினாள். உண்மைதான், பூசியிருந்தாள். அதன்பிறகு ஐந்து பேரும் வந்தவுடன் முகம் கை கால் கழுவி, நெற்றிக்கும் விரலுக்கும் பூசிக்கொண்டுதான் துவக்கைத் தூக்குவது.

ஒரு தடவை ஒருத்தி சாமத்திய வீடு ஒன்றுக்குப் போய்விட்டாள். ஆள் குறைவு. "அன்ரி, நீங்கள் வாங்கோ. சும்மா நிண்டால் காணும்" என்று என் கையில் போனைத் திணித்தாள். நான் நடுங்கி நடுங்கி, தெரிந்த ஒரே இடமான சங்கக்கடைக்குள் போய், மூட்டைக்குப் பின்னால் ஒளித்திருந்தேன். மற்ற நால்வரும் செத்தும் நான் சாகவில்லை. யார் எந்த வாசலால் வருவான், யன்னலால் வருவானோ, கூரையால் குதிப்பானோ என்று நினைத்து நினைத்து எல்லாப் பக்கமும் பார்த்தபடி இருந்தேன். சுடத் தெரியாததால் கடைசியில் ஒருவன் வந்து என் பக்கத்தில் நின்று ஆறுதலாகச் சுட்டான்.

நான் வெட்கப்பட்டேன். அவள் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "பாத்தியளே? அன்ரி எல்லா வாசலையும் பாத்தவ. எங்களுக்குப் பயப்பிடத் தெரியாது, அதுதான் பின்னாலை அடி வாங்கிறம். இனிப் பயிற்சிக்கு அன்ரியும் பக்கத்திலை இருக்கட்டும். எதாலை வருவாங்கள் எண்டு அன்ரியிட்டைக் கேட்டுத்தான் நிக்கிறது."

என் பயத்துக்கு ஒருவர் கதிரை போட்டுக் கொடுத்தது அதுதான் முதல்முறை.

என் மனுசனுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்த மாதம் நான் சாப்பிடவில்லை, நித்திரை கொள்ளவில்லை. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ரிப்போட் எடுக்கப் போன அன்று அவள் விரிவுரையை விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடி நான் அவருடைய செத்தவீடு வரைக்கும் நினைத்து முடித்துவிட்டேன். யார் யாருக்கு அறிவிப்பது, எந்த மாமா சண்டை பிடிப்பார் என்பது வரை.

"அன்ரி, எங்கை?"

"கழுத்திலை."

"எத்தினை?"

"ஒண்டு."

"என்ன செய்வம்?"

அவளே சொன்னாள்: "ரிப்போட் வருமட்டும் இருப்பம். இப்ப எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கண்ணிலை படாதவனைச் சுட்டால் எங்கடை குண்டுதான் வீண்." அவளுடைய கை என் முழங்காலில் இருந்தது. கட்டி கொழுப்புக் கட்டி. வரும்போது சந்தியில் இறங்கி ஆஞ்சநேயருக்குக் கற்பூரம் கொளுத்தினேன். அவள் வாசலில் நின்று வடை சாப்பிட்டாள்.

இனி அந்தச் சனிக்கிழமை.

அடுத்த நாள் ஞாயிறு மூன்று மணிக்குப் போட்டியின் முதற்சுற்று. அதனால் பயிற்சி கொஞ்சம் சூடாக நடந்தது. யன்னல் எல்லாம் திறந்திருந்தது. மதிலுக்கு அங்கால் மாஸ்ரர் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரம் எங்கள் ஹோலிலிருந்து அவளுடைய குரல், அமைதியாக, ஒவ்வொரு சொல்லாக, கேட்டிருக்கிறது.

"கிணத்தடியிலை ஒராள். துவக்கு வைச்சிருக்கிறான். தலையைத் தூக்கினால் அடியுங்கோ."

மாஸ்ரர் தூக்கிய வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் குந்தியிருக்கிறார்.

"சங்கக்கடைப் பக்கத்தாலை ரெண்டு பேர் வாறாங்கள். வைரவர் கோயிலடியைத் தாண்டிட்டாங்கள். ஒருத்தரும் அசையாதேங்கோ."

எங்கள் ஒழுங்கை முடிகிற தொங்கலில் சங்கக்கடை. அதற்கு முன்னால் வைரவர் கோயில். எங்கள் பக்கத்து ஊர்களில் எதை எடுத்தாலும் இதெல்லாம் இருக்கும்தானே. யாராவது பதறிக் கத்தியிருந்தால் மாஸ்ரர், பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். இது வேறு மாதிரிக் குரல். சண்டைக் காலத்தில் இந்த மாதிரி அமைதியான குரல்களைக் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். அவர் தவழ்ந்தே வீட்டுக்குள் போய், கதவைத் தாழிட்டு, மனைவியைக் கட்டிலுக்குக் கீழே அனுப்பிவிட்டு, பொலிசுக்குப் போன் எடுத்தார்.

பொலிஸ் வந்தபோது நுரை காய்ந்து அவர் தலை இலவம்பஞ்சு மாதிரி இருந்தது. பெரியவர் ஒருவர், அரைகுறைத் தமிழ். இளைஞர் ஒருவர், எங்கடை ஆள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள்தான் போனை எடுத்து நீட்டி, முழுவதையும் காட்டி விளக்கினாள். பெரியவர் மாஸ்ரரைப் பார்த்தார்.

"ஐயா, கிணத்தடியிலே எத்தனை பேர் இருந்தது?"

"நான் மட்டும்தான்."

"துவக்கு?"

மாஸ்ரர் கொஞ்சம் யோசித்து, "வாளி" என்றார்.

இளையவர் அதற்குள் அவளுடைய போனை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தங்கச்சி, இதெல்லாம் நீங்களே எடுத்த பொயின்ற்?" அவள் ஓம் என்றாள். தான் எடுத்த பொயின்ற் எத்தனை என்று அவர் சொல்லவில்லை. மெதுவாகப் போனைத் திருப்பிக் கொடுத்தார். பெரியவர், யன்னலைச் சாத்திவிட்டு விளையாடச் சொல்லிவிட்டுப் போனார். அவள் மதிலடிக்குப் போய் மாஸ்ரரிடம், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாஸ்ரர். ஆனால் நீங்கள் சரியாத்தான் செய்தனீங்கள். தலையைத் தூக்கேல்லை" என்றாள். அவள் நக்கலுக்குச் சொல்லவில்லை. மாஸ்ரருக்கு அது விளங்கவில்லை.

நான், அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு வாழ்க்கையில் நிம்மதி வந்த அந்த ஒருமுறையும் பிழையாகப் போய்விட்டது. மாஸ்ரர் மனைவி சந்தைக்குப் போனாள். சந்தையில் பருத்தித்துறைப் பக்கத்து மீன்காரி ஒருத்தி. மீன்காரி வெறும் கூடையோடு ஊருக்கு இந்தக் கதையைக் கொண்டுபோனாள். சந்தையில் 'பொலிஸ் வந்து விசாரித்தது' என்றிருந்த கதை, ஊர் போய்ச் சேர்ந்தபோது 'பெட்டை துவக்கோடை பிடிபட்டிட்டாள்' என்று இருந்தது.

ஞாயிறு மத்தியானம் தகப்பன் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். கறுத்து உயர்ந்த மனிதர், கடல் காற்றில் சுருங்கிய கண். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார்.

"அண்ணை, உள்ளுக்கு வாங்கோ. அது ஒண்டும் இல்லை, சும்மா கேம்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் தங்கச்சி. பொலிசிலை விசாரிச்சுப்போட்டுத்தான் வாறன். ஒண்டும் இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே." மகளைப் பார்த்தார். "பெட்டியைக் கட்டு. இனி வீட்டிலை இருந்து பஸ்ஸிலை போய் வா."

எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விடிய எழும்பி இரண்டு பஸ் மாறி, பின்னேரம் இரண்டு பஸ் மாறி, இருட்ட முன் வீட்டுக்குள் நிற்க வேண்டும். பயிற்சியும் இல்லை, போட்டியும் இல்லை. அவள் போனால் மற்ற நால்வரும் சிதறிப் போவார்கள். சண்டிலிப்பாய்ப் பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் அவள் அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று பார்த்தேன். அவள் அறைக்குள் போனாள். எல்லா உடுப்பையும் மடித்து மடித்து அடுக்கினாள். அலுமாரி வெறுமையாயிற்று. பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து தகப்பனுக்கு முன்னால் வைத்தாள்.

"கட்டிட்டன் அப்பா. மூண்டு மணிக்கு எனக்கு ஒரு அலுவல் இருக்கு. இவையளை நடுவிலை விட்டிட்டு வரேலாது. அது முடிய வாறன்."

வலையை நடுக்கடலில் விட்டுவிட்டு வருகிற மனிதர் இல்லைத்தானே அவரும். "எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம்."

அவர் பெட்டியை மோட்டார்சைக்கிளில் வைத்து வள்ளத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பிறகு வந்து ஹோல் மூலையில் கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன்.

முதலாவது ஆட்டத்தில் அவள் தொடக்கத்திலேயே செத்துப்போனாள், பின்னாலேயே இன்னும் மூன்று பேர். கொழும்புப் பக்கத்துப் பிள்ளைகள், நல்ல கெட்டிக்காரிகள். அவள் போனை நிலத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பி வந்து தகப்பனின் காலடியில் இருந்தாள்.

"ஏன் வந்திட்டாய்?"

"நான் செத்திட்டன் அப்பா."

"அப்ப முடிஞ்சுதே?"

"இல்லை. அவள் நிக்கிறாள்."

அவர் சண்டிலிப்பாய்ப் பிள்ளையின் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார். முதலில் சும்மா பார்த்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கதிரை நுனிக்கு வந்தார். "உவன் பின்னாலை வாறான்! பிள்ளை, பின்னாலை! நீ சொல்லன் உவளுக்கு!"

"செத்தவை கதைக்கக் கூடாது அப்பா."

"நான் சாகேல்லைத்தானே!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரித்த சிரிப்பில் சண்டிலிப்பாய்ப் பிள்ளை சுடப்பட்டுச் செத்தாள். ஆட்டம் போயிற்று. நான் எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். என்னால்தான், என் சிரிப்புத்தான் பெரிய சிரிப்பு.

அவள் எழும்பி மற்றவர்களிடம் போனாள். "எங்கை விட்டம்?" ஒருத்தி, "வைரவரடியிலை" என்றாள். "எத்தினை பேர் அதாலை வந்தவை?" "மூண்டு. ரெண்டெண்டு நான் பிழையாச் சொல்லிப்போட்டன்." "சரி. அடுத்ததுக்கு என்ன செய்வம்?" என்னையும் கேட்டாள். நான் புகையிலைக் குடில் கூரையில் எனக்குப் பயம் என்றேன். ஒருத்தியை அதற்கு விட்டார்கள்.

தகப்பன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் சரிந்து, மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, உவையள் ஒருத்தரையொருத்தர் ஏசுறேல்லையே?"

"இல்லை அண்ணை. அவள் விடமாட்டாள்."

"பிழை விட்டவளே தான்தான் விட்டனான் எண்டு சொல்லுறாள்."

"ஓம். இஞ்சை அப்பிடித்தான்."

அவர் கீழே வைத்த கோப்பையைக் கையில் எடுத்தார். "என்ரை வள்ளத்திலை ஒரு வலை அறுந்தால் மூண்டு நாளைக்கு ஆளையாள் முகம் பாக்கமாட்டம். போன மாதமும் ஒருத்தன் விட்டிட்டுப் போட்டான். நல்ல தொழிலாளி."

இரண்டாவது ஆட்டத்தை வென்றார்கள். மூன்றாவதையும் வென்றார்கள். கூரையால் ஒருவன் வரத்தான் செய்தான். பிள்ளைகள் கத்திய கத்தலில் மாஸ்ரர் தன் யன்னலை அடித்துச் சாத்தினார். அடுத்த சுற்று அடுத்த ஞாயிறு.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். "போவமே அப்பா?"

தகப்பன் மோட்டார்சைக்கிளில் ஏறி இருந்தபடி கட்டியிருந்த பெட்டியைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"நீ நில்," என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. எங்களுக்கும்தான். "அப்ப பெட்டியை அவிழுங்கோவன்."

"பெட்டி போகட்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு ஊர்ச் சந்தியிலை நிண்டவங்கள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டெல்லே வந்தனான். வெறும் மோட்டார்சைக்கிளோடை போனால் என்ன நினைப்பாங்கள்?"

"என்னைக் காணேல்லை எண்டு கேப்பினமே?"

"பின்னாலை பஸ்ஸிலை வாறாய் எண்டு சொல்லுறன்."

"பேந்து?"

"பேந்து பஸ் வராது. அதுக்கு நான் என்ன செய்ய?" மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். ஒழுங்கை முடக்கில் பெட்டி ஒருமுறை மினுங்கிவிட்டு மறைந்தது. அதற்குள் அவளுடைய உடுப்பு அவ்வளவும் இருந்தது.

அடுத்த நாள் அவள் கம்பஸ் போனது என்னுடைய கல்யாண வீட்டுச் சட்டையில். இடுப்பில் இரண்டு ஊசி குத்தினேன். செவ்வாய்க்கிழமை சண்டிலிப்பாய்ப் பிள்ளையின் சுடிதாரில். பெட்டி திரும்பி வர ஒரு கிழமை எடுத்தது.

திங்கள் பின்னேரம் தாய் போன் எடுத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கதைக்கிற குரல். "தங்கச்சி, இஞ்சை சனம் கேட்டு அரிக்குது, பிள்ளை வந்த பஸ் எங்கை நிக்குதெண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்குப் பொய் சொல்லப் பயம். சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயம். போனில் முகம் தெரியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"மருதனார்மடம் சந்தியிலைதான் அக்கா நிக்குது," என்றேன். "சனம் ஏறுதாம்."

அவள் லீவுக்கு எத்தனையோ தரம் ஊருக்குப் போய் வந்தாள், மச்சாளின் கல்யாணத்துக்குப் போய் வந்தாள். ஆனால் அந்த பஸ் மட்டும், அவள் படிப்பு முடித்துப் பட்டம் எடுக்கும் வரைக்கும், எங்கள் சந்தியைத் தாண்டவே இல்லை.